ஜெம்பேயும் பறையும்

பெங்களூரில் இந்நாளில் இளைஞர் கையில் மிருதங்கமும் கடமும் மட்டுமன்றி ஆப்பிரிக்க முழவாகிய ஜெம்பேயும் காணப்படுகிறது. பாடகி வசுந்தரா தாஸ் அவர்களின் 'டிரம்ஜாம்' போன்ற குழுக்கள், தாளமே அறியாதவரையும் வட்டமாக அமர்த்தி முழக்கச் செய்கின்றன. வெறும் பொழுதுபோக்கு என்று பலர் எண்ணலாம். அம்முழவின் வரலாற்றையும் அதைக் கற்பிக்கும் முறையையும் அறிந்தால் அவ்வாறு எண்ணத் தோன்றாது.

ஜெம்பே, மேற்கு ஆப்பிரிக்காவில் மாலி, கினி முதலிய நாடுகளில் வாழும் மண்டே மக்களுடையது. ஒரே மரத்தைக் கோப்பை வடிவாகக் குடைந்து, ஆட்டுத்தோல் போர்த்துக் கயிற்றால் இறுக்குவர். குடைந்தவர் வழிவழியாக 'நுமு' எனப்படும் கொல்லர் குடியினர். 1958-இல் கினி விடுதலை பெற்றபின் அந்நாட்டு ஆடற்குழுக்கள் இதனை உலகெங்கும் முழக்கின. அக்குழுக்களில் வளர்ந்த மாமாடி கெய்தா (1950–2021), 1991-இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் ஒரு பள்ளியே தொடங்கினார்.

உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கு இதை எவ்வாறு கற்பிப்பர்? கைக்கு முன் வாய்! நடுவில் உள்ளங்கை விழுந்தால் கனத்த ஒலி. விளிம்பில் விரல்களைச் சேர்த்து அடித்தால் தெளிந்த ஒலி. விரல்களைத் தளர்த்தி வீசினால் சுரீரென்ற ஒலி. நைஜீரியக் கலைஞர் பாபதுண்டே ஒலதுஞ்சி (1927–2003) அமெரிக்காவில் இவற்றை 'கன், கோ, பா' என்று சொல்லிக் கற்பித்தார். 'தகதிமி' சொல்லிப் பழகிய நமக்கு இது புதிதா? இவ்வூரிலேயே டி. ஏ. எஸ். மணி 1964-இல் நிறுவிய தாளவாத்தியக் கல்லூரி, நம் சொற்கட்டை மேல்நாட்டு ஜாஸ் கலைஞரோடு இசைத்துக் காட்டியதன்றோ?

அடுத்த படிதான் கடினம். ஒருவன் இரண்டடி போடும் நேரத்தில் மற்றவன் மூன்றடி போட வேண்டும். தன் அடியை விடாமல் பிறன் அடியையும் கேட்க வேண்டும். ஓங்கி அடிப்பவனே வீரன் என்று நினைக்கும் பதினைந்து வயதுப் பையன் அங்கே திணறிப் போகிறான். செவி திறந்தபின்தான் கை சரியாகிறது.

இனி, நம் வீட்டுக்கு வருவோம். தொல்காப்பியம் திணையின் கருப்பொருள்களுள் பறையையும் வைத்தது. குறிஞ்சிக்குத் தொண்டகம், பாலைக்குத் துடி என்று பின்வந்தோர் விரித்தனர். பிற்காலத்திலோ அதைச் சாவுக்குரிய கருவியாக்கி, முழக்கியவரைச் சேரிக்குள் ஒதுக்கினோம். கடல்கடந்து வந்த தோற்கருவியை ஆவலோடு மடியில் வைத்துக்கொள்ளும் மாணவன், தன் ஊர்ப் பறையைத் தொடக் கூசுகிறான் என்றால் குறை தோலிலா இருக்கிறது?

கன்னட நாட்டிலும் பறைக்கு உடன்பிறப்பு உண்டு, தமட்டை என்பர். சிக்கபள்ளாப்பூர் மாவட்டத்துத் தமட்டைக் கலைஞர் முனிவெங்கடப்பா 2023-இலும், மதுரைப் பறைக் கலைஞர் வேலு ஆசான் 2025-இலும் பத்மஸ்ரீ பெற்றனர். அரசு மதித்துவிட்டது; நம் கல்லூரி மேடைகள் இன்னும் தயங்குகின்றன.

மன்றத்தார் விழாவுக்கு ஜெம்பே ஆசிரியரை அழைப்பதாயின், பறை ஆசான் ஒருவரையும் தமட்டைக் கலைஞர் ஒருவரையும் உடன் அழைக்கலாம். மூவரும் மாணவரோடு ஒரே வட்டத்தில் அமரட்டும். பறையைக் காய்ச்சத் திடலோரம் கொஞ்சம் வைக்கோல் மட்டும் கூடுதலாக வேண்டியிருக்கும்.