தனிக்குரலில் தொடங்கும் கிறிஸ்துமஸ்

இங்கிலாந்தின் கேரல் என்னும் கிறிஸ்துமஸ் பாடல் ஆதியில் கைகோத்து ஆடிய பாட்டு. நம் கீர்த்தனைபோல அதிலும் பல்லவி திரும்பத் திரும்ப வரும். பாடகர் குழுவில் ஆல்டோ என்னும் தாழ்குரலில் பாடும் எனக்குப் பிடித்தது, 16ஆம் நூற்றாண்டின் ‘கவென்ட்ரி கேரல்’. ஏரோது மன்னன் கொல்லவிருக்கும் குழந்தைகளுக்குத் தாய்மார் பாடும் தாலாட்டு அது. தையற்காரர்கள் உள்ளிட்ட கைவினைஞர் சங்கம் போட்ட நாடகத்தில் வந்தது. பாடும்போது எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

1647இல் பியூரிட்டன் (தூய்மைவாத) நாடாளுமன்றம் கிறிஸ்துமஸையே தடைசெய்தது. பாட்டு சாகவில்லை. விக்டோரியா காலத்தில் பழைய மெட்டுகளைத் தேடித் தொகுத்தார்கள். 1880இல் ட்ரூரோ நகரில், பேராலயம் கட்டி முடியாததால், பேராயர் பென்சன் ஒரு மரக்கொட்டகையில் ஒன்பது வேதாகம வாசகங்களும் கேரல்களும் கொண்ட ஆராதனையை நடத்தினார். முதல் உலகப்போர் முடிந்த 1918இல், போர்முனையில் குருவாக இருந்த எரிக் மில்னர்-வைட் அதைக் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிக்குக் கொண்டுவந்தார். 1928 முதல் வானொலியிலும் ஒலிக்கிறது.

அந்தக் கிங்ஸ் கல்லூரி ஆராதனையில், முதல் பாட்டின் முதல் அடிகளை ஒரு சிறுவன் துணைக்கருவி இன்றித் தனியே பாடுவான். யார் அவன் என்பது தொடங்கும் தறுவாயில்தான் முடிவாகும்! டிசம்பர் 24, நம் நேரம் இரவு 8.30க்கு பிபிசி வானொலியில் நேரலை. ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.