சுளுக்கும் பனிக்கட்டியும்

எர்ணாவூர், காசிமேடு முதலிய வடசென்னைக் கடற்கரையூர்களில் பனிக்கட்டி மீனுக்கு உரிய பொருளாகவே கருதப்படுகிறது. கால் பிசகினால் நம்மவர் நாடுவது வெந்நீர் ஒத்தடமும் எண்ணெய் உருவுதலுமே. புதிதாகப் பட்ட அடிக்கு இவை வீக்கத்தை மிகுவிக்கும். முதல் நாளில் ஏற்றது குளிர்ச்சியே. குழித்தறியில் மிதி மிதிக்கவும் வரப்பில் நடக்கவும் கால் வேண்டும். அது வீங்கினால் அன்றைய கூலியும் நின்றுவிடுகிறது. ஆகையால் அங்கத்தினர் அனைவரும் இதனை அறிந்திருத்தல் நலம்.

ஒரு காலத்தில் பனிக்கட்டி செல்வருக்கே உரியதாயிருந்தது. அமெரிக்க வணிகர் பிரடெரிக் டியூடர், தம் நாட்டு ஏரிகளில் உறைந்த பனியை வெட்டிக் கப்பலேற்றி அனுப்பினார். அதனைச் சேமிக்கச் சென்னைக் கடற்கரையில் 1842ஆம் ஆண்டு எழுந்த ஐஸ் ஹவுஸே இன்றைய விவேகானந்தர் இல்லம். இன்றோ பனிக்கட்டி எவருக்கும் எளிதில் கிடைக்கிறது. பயன்படுத்தும் முறையை அறிவதே வேண்டுவது.

பனிக்கட்டியை நொறுக்கிப் பையிலிட்டு, ஈரத்துணியில் சுற்றி, அடிபட்ட இடத்தில் 15 முதல் 20 நிமிஷம் வைத்து எடுத்துவிட வேண்டும். சில மணி நேரம் கழித்து மீண்டும் வைக்கலாம். வெறுங்கட்டியைத் தோலில் வைத்தால் தோல் புண்ணாகும். நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்கள் வைத்தியரைக் கேளாமல் இதனைச் செய்யலாகாது.

குளிர்ச்சி வலியைத் தணிக்குமேயன்றிக் காயத்தை ஆற்றாது. ஓய்வு, பனிக்கட்டி, கட்டு, உயர்த்தி வைத்தல் என்னும் நான்கினையும் 1978இல் வகுத்துரைத்தவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். பனிக்கட்டியும் முழு ஓய்வும் குணமாதலைத் தாமதிக்கக்கூடும் என்று 2014இல் அவரே எழுதினார். அடிபட்ட இடத்தின் அழற்சியும் உடல் தன்னைச் சீர்செய்யும் வேலையின் ஒரு பகுதி என்பதே காரணம். ஆகவே முதலில் வலி தணியும் அளவுக்கு மட்டும் குளிர்ச்சி போதும். பின்னர், வலி பொறுக்கும் அளவில் காலை மெல்ல அசைத்துப் பழக்குதல் வேண்டும்.

பனிக்கட்டி ஆகாத இடங்களும் உண்டு. சாயத்தொட்டியின் கொதிநீர் பட்டால் 20 நிமிஷம் குழாய்த் தண்ணீரில் காட்டுக, பனிக்கட்டி வேண்டா. வயலில் பாம்பு கடித்தால் பனிக்கட்டி வைத்தலும் கீறுதலும் தீங்கே. கடியுண்ட உறுப்பை அசையாமல் வைத்து, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. கணுக்கால் பிசகியவர் நான்கு அடி எடுத்து வைக்க இயலாவிடில் எலும்பு முறிந்திருக்கக்கூடும். எக்ஸ்ரே எடுக்கும் வரையில் அக்காலை உருவ எவரையும் அனுமதிக்கலாகாது.