நேற்று என்ன உண்டோம்?



கண்டி நகரைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில், காலைப் பனி விலகுமுன்னரே இசையெழுப்பிக்கொண்டு வரும் பாண் வண்டியை நீங்கள் அறிவீர்கள். மிகையாகப் பதனிட்ட உணவை மக்கள் எவ்வளவு உண்கின்றனர் என அளக்கப் புகுவார்க்கு முதற் சிக்கலைத் தருவது அவ்வண்டியே. எவ்வாறெனக் கூறுவேன்.

பிறேசில் நாட்டுச் சாவோ பாவுலோ பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்லோஸ் மொன்ரெய்றோ 2009ஆம் ஆண்டில் முன்வைத்த கருத்திலிருந்து பிறந்தது 'நோவா' என்னும் பாகுபாடு. அரிசி, பருப்பு, பலாக்காய் போல இயற்கையோடு ஒட்டியவை முதல் வகை. தேங்காயெண்ணெய், உப்பு, சீனி போலச் சமையலுக்கு உதவுவன இரண்டாம் வகை. கருவாடு போல எளிய முறையிற் பதனிட்டவை மூன்றாம் வகை. வீட்டு அடுக்களையிற் காணவியலாத மணமூட்டி, நிறமூட்டி, பால்மமாக்கி முதலியன கூட்டித் தொழிற்சாலையில் ஆக்கப்படும் மென்பானம், நொறுக்குத்தீனி, உடனடி நூடில்ஸ் போன்றவை நான்காம் வகை. இந்நான்காம் வகையே நாம் அளக்க வேண்டுவது.

அளப்பது எதற்கு? அமெரிக்காவில் 20 பேரைக்கொண்டு நடத்தி 2019இல் வெளியிட்ட பரிசோதனை ஒன்றில், இவ்வகை உணவு தரப்பட்ட இரு வாரங்களில் அவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி மிகுதியாக உண்டனர், எடையும் கூடிற்று. பரிமாறிய இருவகை உணவிலும் சீனி, கொழுப்பு, உப்பு, நார் ஆகியவை ஒத்திருக்குமாறு செய்திருந்தும் இவ்வாறாயிற்று.

அளக்கும் வழிகள் பல. முந்திய நாள் உண்டவற்றையெல்லாம் கேட்டு எழுதுவது ஒன்று. வீட்டார் வாங்கிய பொருள்களின் கணக்கைப் பார்ப்பது மற்றொன்று. ஆயின் வாங்கியதை எவர் உண்டார் என்பதை அக்கணக்கு கூறாது. பிறேசிலில் ஆக்கிய குறும்பட்டியலைக் காட்டி, நேற்று உண்டவற்றுக்கு அடையாளமிடச் செய்வது மூன்றாவது. அமெரிக்க அரசின் அளவீட்டின்படி, 2021 ஓகஸ்ட் முதல் 2023 ஓகஸ்ட் வரையில் அந்நாட்டார் பெற்ற கலோரியில் 55 விழுக்காடு இவ்வகை உணவிலிருந்தே வந்தது.

நிறையால் அளப்பதா, கலோரியால் அளப்பதா என்பதும் ஒரு வினா. 400 மில்லிலீற்றர் இனிப்பு மென்பானம் சுமார் 170 கலோரி தரும். 40 கிராம் பிஸ்கற்றோ ஏறத்தாழ 190 கலோரி தரும். நிறையிற் பத்து மடங்கான பானம், கலோரியிற் பிஸ்கற்றுக்குப் பின்னிற்கின்றது. அளவுகோல் மாறின் முடிவும் மாறும்.

இனிப் பாண் வண்டிக்கு வருவோம். மா, நீர், உப்பு, ஈஸ்ட் ஆகியவற்றால் மட்டும் செய்த பாண் மூன்றாம் வகை. பால்மமாக்கி முதலியன சேர்த்தால் அதுவே நான்காம் வகையாகும். வண்டியில் வரும் பாணிலோ சேர்மானப் பட்டியல் இல்லை. பிரான்சிலிருந்து 2022இல் வெளிவந்த ஆய்வொன்றில், உணவுத்துறை வல்லுநர்களே இப்பாகுபாட்டிற் பெரிதும் முரண்பட்டனர் எனின், வாங்குவோர் யாது செய்வர்!

இதனினும் பெரிய இடர் ஒன்றை என் பாடசாலையிலேயே கண்டேன். முந்திய நாள் உண்டவற்றை எழுதுமாறு பத்தாம் வகுப்பு மாணவரிடம் கூறினேன். தோட்டப்புறத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு மாணவி, 'சோறு, பருப்பு, கீரை' என்று மட்டும் எழுதினாள். இடையில் ஏதும் உண்ணவில்லையா என வினவினேன். விடியுமுன் கொழுந்து பறிக்கச் சென்ற தாய் வைத்துப்போன பிஸ்கற்றையும், பஸ்ஸில் உண்ட நொறுக்குத்தீனியையும் அப்போதுதான் சொன்னாள். "அது சாப்பாடு இல்லையே, சேர்!" என்றாள். அவள் பொய் கூறினாளல்லள். உணவென்று கருதாததை நினைவிற் கொள்ளவில்லை. அத்தகைய குழந்தைகளின் விடைகளை அவ்வாறே கூட்டினால் நம் கணக்கு குறைந்தே நிற்கும்.

இரத்தத்திலும் சிறுநீரிலும் காணும் பொருள்களைக்கொண்டு அளக்கும் முறையொன்றை அமெரிக்க ஆய்வாளர் 2025இல் வெளியிட்டுள்ளனர். அது வளரட்டும். எனினும், அத்தாய்க்குக் காலையில் அடுப்பு மூட்ட நேரமில்லை என்பதை எந்தச் சோதனைக்குழாயும் கூறாது. அதனைக் கேட்டறிய வேண்டியவர் நாமே. எனவே, பெற்றோரே, இன்றிரவு உங்கள் பிள்ளையிடம் உண்டவற்றைக் கேளுங்கள், கடிந்துகொள்ளாது கேளுங்கள். அச்சமில்லாத இடத்திலேதான் உண்மையான கணக்குக் கிடைக்கும்.