எண்பது தோல்விகளுக்கு நடுவே

கால்பந்து என்றதும் நம் நாட்டு வாசகர்களின் நினைவில் எழுவன கொல்கத்தாவின் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும், கேரளத்துச் செவன்ஸ் ஆட்டங்களுமே. அமெரிக்கக் கல்லூரிகளில் அதே பெயரால் வழங்கும் ஆட்டம் வேறு. அங்கே பந்து முட்டை வடிவினது. உதைப்பதைக் காட்டிலும் கையில் ஏந்தி ஓடுவதே மிகுதி. நூறு கெஜ நீளமுள்ள களத்தில் அணிக்குப் பதினொருவர் நிற்பர். நான்கு முயற்சிகளுக்குள் பத்து கெஜம் முன்னேறிவிட்டால் மேலும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். இல்லையேல் பந்து எதிரணியின் வசம் போகும். பந்துடன் எல்லைக் கோட்டைக் கடந்தால் ஆறு புள்ளிகள். இவ்வளவு தெரிந்தால் இக்கட்டுரைக்குப் போதும்.

ஒரு பருவம் என்பது இலையுதிர் காலத்துச் சனிக்கிழமைகளில் நடைபெறும் பதினோர் ஆட்டங்கள் அளவே. அவற்றிற்காக அம்மாணவர்கள் ஆண்டு முழுவதும் பளு தூக்குகின்றனர். ஆகஸ்டு மாத வெயிலில் கவசமும் தலைக்கவசமும் அணிந்து ஓடுகின்றனர். கிரிக்கெட்டில் இன்று தோற்றால் மூன்றாம் நாள் இன்னோர் ஆட்டம் உண்டு. இங்கே ஒரு தோல்வியைச் சுமந்துகொண்டு ஒரு வாரம் வகுப்புக்குச் செல்ல வேண்டும். பதினோர் ஆட்டங்களிலும் தோற்றுவிட்டாலோ, எட்டு மாதங்களுக்கு மேல் அதைச் சுமக்க வேண்டும்.

டெக்சஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் நகருக்கு வடமேற்கே, பிரெய்ரி வியூ ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் உள்ளது. ஒரு காலத்தில் அடிமைகள் உழைத்த பண்ணை நிலத்தில், கறுப்பின மாணவர்களின் கல்விக்கென 1876-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது அது. பில்லி நிக்ஸ் என்னும் பயிற்றுநரின் கீழ் அதன் கால்பந்து அணி 1953, 1954, 1958, 1963, 1964 ஆகிய ஆண்டுகளில் கறுப்பினக் கல்லூரிகளின் தேசிய வாகையர் பட்டம் பெற்றது. அங்கு ஆடிய கென் ஹூஸ்டன் பின்னாளில் தொழில்முறைக் கால்பந்தின் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றார். அறுபதுகளின் இறுதியில் தென்மாநிலங்களின் பெரிய பல்கலைக்கழகங்கள் கறுப்பின ஆட்டக்காரர்களைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கின. வரவேற்கத்தக்க மாற்றமே எனினும், அதன் விலையைச் செலுத்தியவை பிரெய்ரி வியூ போன்ற கல்லூரிகள். அதுவரை அங்கு வந்துகொண்டிருந்த சிறந்த இளைஞர்கள் வேறு திசையில் நடந்தனர்.

விளையாட்டுத் துறையின் நிதி நிர்வாகத்தில் குறைகள் கண்டறியப்பட்டதை அடுத்து, 1990-ஆம் ஆண்டில் அணி களம் இறங்கவேயில்லை. 1991-இல் ஆட்டம் மீண்டது. விளையாட்டுக்கான உதவித்தொகை மீளவில்லை. எதிர்த்து ஆடிய கல்லூரிகளோ உதவித்தொகை அளித்துத் தேர்ந்தெடுத்த வீரர்களுடன் வந்தன. பிரெய்ரி வியூ அணியினர் தம் செலவில் படித்துக்கொண்டே, ஆட விருப்பம் கொண்டு தாமாகப் பெயர் கொடுத்த மாணவர்கள்.

வங்கி இதழ் அல்லவா, கணக்கைப் பார்த்துவிடுவோம். 1991-ஆம் ஆண்டில் அவ்வணி 11 ஆட்டங்களில் எடுத்த மொத்தப் புள்ளிகள் 48, கொடுத்தவை 617. சராசரியாக ஓர் ஆட்டத்தில் ஐந்துக்கும் குறைவான வரவு, ஐம்பத்தாறு செலவு. 1989-இன் இறுதியில் தொடங்கிய தோல்வி வரிசை, இடையில் ஆடாதிருந்த ஆண்டையும் தாண்டி, 1998 செப்டம்பர் வரை நீண்டு எண்பதை எட்டியது. அதற்கு முன் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் 44 தோல்விகளும், மெக்காலஸ்டர் கல்லூரியின் 50 தோல்விகளும் பேசப்பட்டு வந்தன. இரண்டையும் பிரெய்ரி வியூ கடந்து சென்றது. 1991-இல் முதலாண்டு சேர்ந்து நான்கு ஆண்டுகளும் ஆடிய ஒரு மாணவன், தன் அணி ஒருமுறையேனும் வென்றதைக் காணாமலே பட்டம் பெற்று வெளியேறினான்.

அவன் ஏன் ஆடினான்? உதவித்தொகை பெறும் ஆட்டக்காரன் விலகினால் படிப்புச் செலவுக்கு வழி தேட வேண்டும், ஆகவே இருப்பான். இவனைக் கட்டிப்போட எதுவும் இல்லை. எந்தத் திங்கட்கிழமையும் கவசத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நூலகத்துக்குப் போயிருக்கலாம். போகாமல் இருந்ததற்கு வெற்றி குறித்த நம்பிக்கை மட்டுமே காரணம் என்று கூறினால் நாம் ஏற்பதற்கில்லை. அறுபது புள்ளிகள் வித்தியாசத்தில் தோற்றவனுக்கு அடுத்த சனிக்கிழமை பற்றிக் கனவுகள் இருக்க இயலாது.

தோற்கும் அணி எவ்வாறு உடைகிறது என்பதைக் கவனித்தால் விடை சற்றுத் தெளிவாகிறது. இவ்வாட்டத்தில் தாக்கும் பிரிவும் தடுக்கும் பிரிவும் தனித்தனி ஆட்களைக் கொண்டவை. ‘நீங்கள் ஐம்பது புள்ளிகள் விட்டுக்கொடுத்தால் நாங்கள் என்ன செய்வது?’ என்பர் முதல் பிரிவினர். ‘நீங்கள் மூன்று நிமிடம் பந்தைக் கையில் வைத்திருந்தால் எங்களுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்குமே’ என்பர் மற்றவர். இரு தரப்பும் கூறுவது உண்மை. அதனால்தான் அப்பேச்சு முடிவதில்லை. தோல்வியால் கெடுவதைக் காட்டிலும், தோல்விக்குப் பொறுப்பாளி தேடுவதால் கெடும் அணிகளே அதிகம்.

இதற்கு மாற்றாக நல்ல பயிற்றுநர்கள் கையாளும் முறையில் மந்திரம் ஏதுமில்லை. ஆட்டத்தின் ஒளிப்பதிவை மறுநாள் அமர்ந்து பார்க்கின்றனர். ஒவ்வொரு முயற்சியிலும் ஒவ்வொருவன் செய்ததையும் தனித்தனியே மதிப்பிடுகின்றனர். ஐம்பது புள்ளிகளில் தோற்ற ஆட்டத்திலும், முன்வரிசையில் நின்ற ஒருவன் தன்னிலும் பெரியவனைத் தடுத்து நிறுத்திய நான்கு நொடிகள் அதில் பதிவாகியிருக்கும். முன்வரிசையினர் பந்தைத் தொடுவதே அரிது. அவர்கள் பெயரை அறிவிப்பாளர் உச்சரிப்பது பெரும்பாலும் அவர்கள் தவறு செய்யும்போதுதான். அவர்களுக்குப் பின்னால் ஓடுபவன், அந்நான்கு நொடிகள் தனக்காகத் தரப்பட்டவை என்பதைக் கண்டுகொள்கிறான். அமெரிக்கக் கால்பந்தில், ஓடுபவனும் பந்தை எறிபவனும் முன்வரிசையினருக்கு விருந்தளித்து நன்றி கூறும் பழைய வழக்கம் உண்டு. வெற்றிப் பருவத்தில் அது ஒரு கொண்டாட்டம். தோல்விப் பருவத்தில் அதன் பொருளே வேறு: பலகையில் காணப்படாத ஒன்றை நான் கண்டேன் என்று அருகிருப்பவனுக்குக் கூறும் சாட்சி. அதைக் கேட்டவன் திங்கட்கிழமை பயிற்சிக்கு வருகிறான். அன்று வருவதற்கு அவனுக்கு வேறு காரணம் தேவைப்படுவதில்லை.

தோல்வியை ஆசானென்று போற்றுவது பார்வையாளர் இருக்கையில் அமர்ந்திருப்போருக்கு எளிது என்பதையும் சொல்லியாக வேண்டும். சமமற்ற ஆட்டத்தில் அடிபட்டவை இருபது வயது உடல்கள். பணமின்றி ஓர் அணியை அவ்வாறு களத்தில் இறக்கிவிட்டது சரியா என்ற கேள்வி அன்றும் இருந்தது, இன்றும் நியாயமானதே. அம்மாணவர்களின் நன்றியுணர்வு அக்கேள்விக்கு விடையாகாது. கேள்விக்கு விடை கிடைக்கும் வரை அவர்களைச் சேர்த்துப் பிடித்திருந்தது, அவ்வளவே.

நகைப்பும் ஒரு பிடிமானம்தான். சிகாகோ அருகே எவன்ஸ்டன் நகரிலுள்ள நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் 1981 நவம்பரில் தொடர்ந்து 29-ஆவது முறையாகத் தோற்றுப் பெரிய கல்லூரிகளுக்கிடையே புதிய ‘சாதனை’ படைத்தது. மாணவர்கள் களத்தில் இறங்கி, தங்களினும் மோசமானவர் எவருமில்லை என்று முழங்கியவாறு கோல் கம்பங்களைச் சாய்த்தனர். வரிசை 34 வரை நீண்டது. 1982 செப்டம்பர் 25 அன்று வடக்கு இல்லினாய்ஸ் அணியை 31–6 என வென்றபோது, இம்முறை உண்மையான மகிழ்ச்சியில் கம்பங்களைப் பிடுங்கிச் சுமந்து சென்று மிச்சிகன் ஏரியில் எறிந்தனர்.

பிரெய்ரி வியூவில் அப்பணியைச் செய்தது இசை. ‘மார்ச்சிங் ஸ்டார்ம்’ என்னும் அதன் பேண்டு வாத்தியக் குழு நாடறிந்தது. கறுப்பினக் கல்லூரிகளின் ஆட்டங்களில் இடைவேளையை யாரும் தேநீருக்குச் செலவிடுவதில்லை. ட்ரம்பெட்டும் ட்ரம்முமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் அணிவகுத்து ஆடிவரும் அந்நேரத்துக்காகவே வருவோர் உண்டு. புள்ளிகள் எவ்வாறு இருப்பினும் அக்குழு வாசித்தது. சில ஆயிரம் பேரேனும் அரங்குக்கு வந்துகொண்டிருந்ததற்கு அதுவே முதற் காரணம். வெறும் இருக்கைகளுக்கு முன் எண்பது முறை தோற்க வேண்டிய நிலையிலிருந்து அணியைக் காத்தது அக்குழுவே.

1998 செப்டம்பர் 19 அன்று தெற்குப் பல்கலைக்கழகத்துக்கு எதிரான ஆட்டத்தின் இடைவேளையில் இரு கல்லூரிகளின் வாத்தியக் குழுக்களும் களத்திலேயே கைகலந்தன. இரண்டுக்கும் தடை விதிக்கப்பட்டது. அடுத்த சனிக்கிழமை, செப்டம்பர் 26, ஓக்லஹோமாவைச் சேர்ந்த லாங்ஸ்டன் பல்கலைக்கழகத்தை அணி எதிர்கொண்டது. ஆட்டம் முடியும் தறுவாயில் லாங்ஸ்டன் எல்லைக் கோட்டைக் கடந்து 12-ஐ எட்டியது. சமன் செய்யத் தேவையான இரண்டு கூடுதல் புள்ளிகளுக்கு முயன்றது. முயற்சி பலிக்கவில்லை. பிரெய்ரி வியூ 14, லாங்ஸ்டன் 12. எண்பது தோல்விகளுக்கும் உடன் வாசித்த குழு, அந்த ஒரு வெற்றிக்கு வாசிக்க அங்கில்லை.

அதன் பின்னரும் பாதை உடனே சீராகிவிடவில்லை. தோல்விகளைவிட வெற்றிகள் மிகுந்த பருவம் 2007-இல்தான் வாய்த்தது. 1976-க்குப் பின் அதுவே முதல் முறை. 2009 டிசம்பரில் பர்மிங்காம் நகரில் அலபாமா ஏ அண்ட் எம் அணியை 30–24 என வென்று தங்கள் பிரிவின் வாகையர் பட்டத்தைப் பெற்றனர். 1964-க்குப் பின் கிடைத்த முதல் பட்டம். அன்று கோப்பையை உயர்த்திப் பிடித்த இளைஞர்களில் பலர், 617 புள்ளிகளை விட்டுக்கொடுத்த அந்த 1991-ஆம் ஆண்டில் நடை பழகிக்கொண்டிருந்தவர்கள்.