ஞாயிறும் இசையும்: றெகே, டப் ஆகியவற்றின் சமூகத் தளம் பற்றிய சில குறிப்புகள்

கரிபியன் கடலிலுள்ள யமேக்காத் தீவிலே தோன்றிய றெகே இசையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதன் பாடற்பொருளையே முதன்மைப்படுத்துவர். ஒடுக்கப்பட்டோரின் குரல், எதிர்ப்பின் குரல் என்றெல்லாம் அது போற்றப்படும். பொப் மார்லியின் பெயரும் உடன் நினைவுக்கு வரும். இக்கூற்று தவறன்று. ஆயினும் அதே தீவில், அதே மக்களிடையே, அதே பாடல்களிலிருந்து 'டப்' என்னும் மற்றோர் இசைவடிவமும் தோன்றிற்று. பாடகனின் குரலைப் பெரும்பாலும் நீக்கிவிட்டு, முரசையும் தாழ்சுரத்தையும் எதிரொலியையும் முன்னிறுத்துவது டப். எதிர்ப்பின் குரலெனப் புகழப்படும் இசை தன் குரலையே களைந்துவிடுமாயின் எஞ்சுவது யாது? வெறுங் களியாட்டந்தானா? கலையின் சமூகப் பணியிலே கருத்துடைய எவரும் எதிர்கொள்ள வேண்டிய வினா இது. இவ்விசை யாரால், எப்போது, எவ்விடத்தில் துய்க்கப்பட்டது என்பதை நோக்குவதன் மூலமே இதற்கு விடை காணலாம் என்பது எமது கருத்தாகும்.

ஓய்வுநாளின் வரலாறு

1655 ஆம் ஆண்டு ஆங்கிலேயர் வசமான யமேக்கா, கரும்புப் பெருந்தோட்டங்களின் தீவாக மாற்றப்பட்டது. ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களின் உழைப்பிலேயே அப்பொருளாதாரம் தங்கியிருந்தது. அம்மக்களுக்கு ஞாயிற்றுக்கிழமையே ஓரளவேனும் தமக்குரியதாக இருந்தது. மலைச்சரிவுகளில் ஒதுக்கப்பட்ட சிறு நிலங்களிற் பயிர்செய்து, விளைந்தவற்றை ஞாயிற்றுச் சந்தைகளிலே விற்றனர். அச்சந்தை பொருள் மாறும் இடமாக மட்டுமன்றி, பிரிந்த உறவினர் கூடும் இடமாகவும் பாட்டும் ஆட்டமும் நிகழும் இடமாகவும் விளங்கிற்று. ஆள்வோர் இக்கூட்டங்களை அஞ்சினர். 1760 இல் எழுந்த பெருங் கிளர்ச்சியின் பின்னர், அடிமைகள் கூடுவதையும் முரசு முழக்குவதையும் தடைசெய்யுஞ் சட்டங்கள் இறுக்கமாக்கப்பட்டமை மனங்கொளத்தக்கது. முரசொலியிலே வெறும் இன்பத்தை மட்டும் அவர்கள் கேட்கவில்லை என்பது இதனாற் புலனாகும்.

1838 இல் முழுமையான விடுதலை கிடைத்தது. அதன் பின்னர் ஞாயிறு தேவாலயத்துக்குரிய நாளாகவும் வலுப்பெற்றது. ஆகவே அடிமைக்காலச் சந்தையையும் இன்றைய இசைக்கூடலையும் நேர்கோட்டால் இணைப்பது வரலாற்றை எளிமைப்படுத்துவதாகும். ஆயினும் ஓர் உண்மை நிலைத்தது. உழைப்பாளி தன் உடலுக்குத் தானே உரியவனாகும் நேரம் வார இறுதியே. அந்நேரத்திலேதான் அவன் தனக்கென ஒரு கலையை ஆக்கிக்கொண்டான்.

ஒலியமைப்புகளின் எழுச்சி

இரண்டாம் உலகப்போரின் பின்னர் நாட்டுப்புறத்து ஏழைகள் தலைநகரான கிங்ஸ்ரனின் மேற்குப் பகுதிகளிற் பெருமளவிற் குடியேறினர். இசைக்குழுக்களை அமர்த்துதல் அவர்களின் வசதிக்கு அப்பாற்பட்டது. வானொலிப் பெட்டி வைத்திருந்தோரும் சிலரே. இச்சூழ்நிலையிலேதான் 'சவுண்ட் சிஸ்ரம்' எனப்படும் ஒலியமைப்புகள் தோன்றின. பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிகளைத் திறந்த வளவிலே நிறுத்தி, அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசைத்தட்டுகளை ஒலிக்கச் செய்து, நுழைவுக் கட்டணத்தாலும் குடிவகை விற்பனையாலும் வருவாய் பெறும் தொழில் அது. முன்னோடிகளுள் ஒருவரான ரொம் வோங், இரும்புப்பொருட் கடை நடத்திய சீன வழிவந்த யமேக்கர். அவருக்குப் பின் டியூக் றீட், கொக்ஸன் டொட் ஆகியோர் பெரும் போட்டியாளராயினர்.

அமெரிக்க இளைஞரின் சுவை வேறு திசையிற் சென்றமையால் 1950 களின் இறுதியில் யமேக்கர் விரும்பிய வகைத் தட்டுகள் அரிதாயின. எனவே ஒலியமைப்பு உரிமையாளர் உள்ளூர்க் கலைஞரைக் கொண்டு தாமே ஒலிப்பதிவு செய்யத் தலைப்பட்டனர். 1962 ஓகஸ்ற் 6 ஆம் நாள் நாடு சுதந்திரமடைந்த காலத்தில் 'ஸ்கா' ஓங்கியிருந்தது. 1966 அளவில் வேகந் தணிந்த 'றொக்ஸ்ரெடி' எழுந்தது. 1968 இல் றெகே என்னும் பெயர் வழக்கிற்கு வந்தது. நடனக்கூடலுக்கு இசை தேவைப்பட்டமையாலேயே இசைத்தட்டுத் தொழில் அங்கு வேரூன்றிற்று என்பதை நாம் மறத்தலாகாது. புதிய பதிவொன்று கடைக்கு வருமுன்னரே நடனத்திற் கூடியோர்முன் ஒலிக்கப்பட்டது. அவர்கள் ஆர்ப்பரித்தால் அது அச்சேறும். வாளாவிருந்தால் அதன் கதை முடிந்தது. கேட்போரே முதற் திறனாய்வாளராயிருந்தனர்.

இதனைப் பொற்காலமாகச் சித்திரிப்பதும் எமது நோக்கமன்று. பாடகருக்கும் வாத்தியக் கலைஞருக்கும் ஒருமுறைச் சிறுதொகை கொடுத்து, உரிமை முழுவதையும் தயாரிப்பாளர் வைத்துக்கொள்வது வழமையாயிருந்தது. அடிநிலை மக்களின் கலை, அம்மக்களிடையே தோன்றிய சிறு முதலாளிகளின் இலாபத்துக்கும் உட்பட்டே வளர்ந்தது.

குரல் நீங்கிய இடம்

டப்பின் தோற்றத்துக்கு ஒரு தற்செயல் நிகழ்ச்சி காரணமாகக் கூறப்படும். 1967–68 ஆம் ஆண்டளவில் ஸ்பானிஷ் ரவுணைச் சேர்ந்த ஒலியமைப்பு உரிமையாளரான றட்டி றெட்வூட், பரகொன்ஸ் குழுவினரின் பாடலொன்றுக்குத் தனித்தட்டு வெட்டுவித்தார். குரற்பகுதியைச் சேர்க்கத் தொழினுட்பர் தவறிவிட்டார். றெட்வூட் அதனை எறிந்துவிடவில்லை. நடனத்திலே முதலிற் குரலுடன் கூடிய பதிவையும், தொடர்ந்து குரலற்ற பதிவையும் ஒலிக்கச் செய்தார். கூடியிருந்தோர் விடுபட்ட பாடலைத் தாமே பாடத் தொடங்கினர்.

எமது வினாவுக்குரிய விடையின் தொடக்கம் இங்கேயே உள்ளது. குரல் நீக்கப்பட்டபோது இசை ஊமையாகவில்லை. ஒருவன் பாடிய இடத்திலே பலர் பாடினர். விரைவிலே இசைத்தட்டின் ஒரு பக்கத்திற் பாடலும் மறுபக்கத்தில் அதன் குரலற்ற வடிவமும் இடம்பெறுவது வழக்கமாயிற்று. அவ்வெற்றிடத்தில் ஒலிவாங்கியை ஏந்திப் பேச்சும் பாட்டும் கலந்து மொழிந்த யூ-றோய், 1970 இல் யமேக்க வானொலிகளின் விற்பனை வரிசையில் முன்னிடங்களைப் பிடித்தார். ஏட்டில் ஏறாத நாட்டு வழக்கு மொழி அவ்வாறு வானொலியில் ஏறிற்று.

இக்கலையை அதன் உயர்நிலைக்குக் கொண்டுசென்றவர் கிங் ரபி எனப்பட்ட ஒஸ்போர்ன் றடொக். 1941 இற் பிறந்து 1989 இற் சுட்டுக் கொல்லப்பட்ட இவர், வானொலி, மின்கருவிகள் திருத்துந் தொழிலாளி. கிங்ஸ்ரனின் வோட்டர்ஹவுஸ் பகுதியில் தம் வீட்டிலேயே சிறு கலையகமொன்றை அமைத்தார். நான்கு தடங்கள் கொண்ட நாடாவில் முரசு, தாழ்சுரக் கித்தார், ஏனைய வாத்தியங்கள், குரல் என்பன வேறுவேறாகப் பதியப்பட்டிருக்கும். ஒவ்வொரு தடத்துக்குமுரிய விசையை ஏற்றியும் இறக்கியும், சில ஒலிகளைத் திடீரென அறுத்தும், ஒரு சொல்லை மட்டும் நாடா எதிரொலியிலே பலமுறை அலையவிட்டும் அவர் புதியதோர் ஆக்கத்தைப் படைத்தார். இவையனைத்தும் நாடா ஓடிக்கொண்டிருக்கையிலேயே கையாற் செய்யப்பட்டன. ஆதலின் ஒருமுறை செய்தது மறுமுறை அவ்வாறே அமையாது. நடனத்துக்கென வெட்டப்பட்ட மென்பூச்சுத் தட்டோ சில பத்துத் தடவைகள் ஒலித்ததுமே தேய்ந்துவிடும். அன்றிரவு அங்கு வந்தோர்க்கு மட்டுமே உரியதாக அவ்விசை அமைந்தது.

டப்பின் வெறுமை புறத்தேயிருந்து புகுத்தப்பட்டதன்று. றெகேயின் தாளத்திலேயே அது உள்ளது. 'வன் டிறொப்' எனப்படும் அமைப்பிலே, நான்கு எண்ணிக்கையுள்ள வட்டத்தின் முதலாம் எண்ணிக்கையில் முரசு ஒலியாது. பெருமுரசு மூன்றாவதிலேயே விழும். கித்தாரின் குறுகிய வெட்டொலிகள் இரண்டிலும் நான்கிலும் அமையும். அனாகத எடுப்பிலே பாடல் சமத்தைக் கடந்து தொடங்குகையில், தாளமிடுங் கை உணரும் அந்தக் கணநேர வெறுமையைக் கருநாடக இசைப் பயிற்சியுடையோர் அறிவர். இரண்டும் ஒன்றெனக் கூறுகிறோமல்லோம். ஒலியாத இடத்தைக் கேட்போர் தம் உடலால் நிரப்புகின்றனர் என்பதே ஒப்புமை. பாடல் கருத்தைக் கூறும். டப்போ கருத்து நிலைகொள்ளும் கூட்டத்தை உருவாக்கும். எனவே குரல் நீங்கிய டப்பை வெறுங் களியாட்டம் எனத் தள்ளுதல் பொருந்தாது.

கடல் கடந்த கூடல்

1950 களிலும் 1960 களிலும் பிரித்தானியாவுக்குத் தொழில்தேடிச் சென்ற கரிபியன் மக்கள் ஒலியமைப்புகளையும் உடன் கொண்டுசென்றனர். பல இரவு விடுதிகளின் கதவுகள் கறுப்பினத்தோருக்கு மூடப்பட்டிருந்தன. எனவே சனி இரவு தொடங்கி ஞாயிறு விடியும்வரை வீடுகளிலேயே கூடினர். தளபாடங்களை அகற்றி, ஒலிபெருக்கிகளை அடுக்கி, சிறு கட்டணம் பெற்று நடத்தப்பட்ட இவை 'புளூஸ்' விருந்துகள் எனப்பட்டன. ஏளனமும் இனவெறியும் நிறைந்த வாரத்தின் முடிவில், அஞ்சாது நிற்கத்தக்க ஓர் அறை அங்கு கிடைத்தது.

அவ்வறையும் எப்போதும் பாதுகாப்பாக இருக்கவில்லை. 1981 சனவரி 18, ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில், தென்கிழக்கு இலண்டனின் நியூ குறோஸ் வீதியிலே பிறந்தநாள் விருந்து நடைபெற்ற வீடொன்று தீப்பற்றியதில் இளைஞரும் யுவதிகளுமாகக் கறுப்பினத்தவர் 13 பேர் மாண்டனர். நாட்டின் தலைவர்களிடமிருந்து உடனடியாக இரங்கற் சொல்லும் வரவில்லை. அவ்வாண்டு மார்ச் 2 ஆம் நாள், வேலைநாளாகிய திங்கட்கிழமையன்று, பல்லாயிரவர் இலண்டன் வீதிகளிலே அணிவகுத்தனர். 1981 இலும் 2004 இலும் நடைபெற்ற மரண விசாரணைகள் இரண்டும் முடிவு காணாத தீர்ப்பையே அளித்தன. கவிஞர் லின்ரன் குவெசி ஜோன்சன் அத்துயரைப் பாடிய கவிதை 1984 இல் டப் இசைத்தட்டொன்றில் இடம்பெற்றது. விருந்துக்குரிய இசையே இரங்கலுக்கும் உரியதாயிற்று. களிப்புக்கு ஒரு கலை, போராட்டத்துக்கு வேறொரு கலை எனப் பிரித்துப் பேசுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

இன்றைய நிலை

கிங்ஸ்ரனின் றே ரவுண் பகுதியில் 1980 களிலிருந்து பல்லாண்டுகளாக ஞாயிறு இரவுகளில் பழைய இசைத்தட்டுகளுக்கான வீதி நடனம் நடைபெற்றது. முதியோரும் இளையோரும் அங்கு ஒருங்கே ஆடினர். நகரை நோக்கிய மலைச்சரிவில் நிகழ்ந்த ஞாயிற்று டப் கூடல் 2010 களிற் புகழ்பெற்றது. மறுபுறத்தில், 1997 இல் யமேக்கா இயற்றிய இரைச்சல் தணிப்புச் சட்டம் இரவு குறித்த நேரத்துக்குப் பின் ஒலியமைப்புகளை நிறுத்த வேண்டுமென விதித்தது. அயலவரின் உறக்கமும் உரிமையே என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயின் 2018 நவம்பரில் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் றெகேயைச் சேர்த்தபோது பெருமிதமடைந்த அதே அரசின் பொலிசார், அம்மரபு பிறந்த வீதியிலே விசையை அணைக்கவும் வருகின்றனர். விளைபொருளைப் போற்றி விளைநிலத்தை மறக்கும் இம்முரண்பாடு யமேக்காவுக்கு மட்டும் உரியதன்று.

2020 இன் பெருந்தொற்றுக் காலத்தில் கூடல்கள் இணையத்துக்கு மாறின. அவ்வாண்டு மே 23 ஆம் நாள் கிங்ஸ்ரனிலிருந்து பீனி மான், பவுண்டி கில்லர் ஆகிய இரு கலைஞர் நடத்திய இசைப்போட்டியை உலகெங்குமிருந்து இலட்சக்கணக்கானோர் கைப்பேசித் திரையிற் கண்டனர். இடையிலே பொலிசார் வந்து விசாரித்தமையும் அப்படியே ஒளிபரப்பாயிற்று. கடல்களாற் பிரிக்கப்பட்ட உறவினர் ஒரே கணத்தில் ஒரே பாடலைக் கேட்டு மகிழ்ந்தமை சிறிய பேறன்று. ஆனால் கைப்பேசியின் சிற்றொலிபெருக்கி மார்பை அதிரவைக்கும் தாழ்சுரத்தை எழுப்பவல்லதன்று. அருகில் நிற்பவரின் தோளசைவையும் அது தரமாட்டாது. பாடல் வந்து சேர்ந்தது. வெற்றிடத்தை நிரப்பும் கூட்டம் வந்து சேரவில்லை.

ஒரு கலையின் சமூகப் பெறுமானத்தை அதன் சொற்களில் மட்டுந் தேடுவது போதாது. அது மக்களை எவ்வாறு ஒன்றுகூட்டுகின்றது, அவர்களுக்கு என்ன இடத்தை விட்டுவைக்கின்றது என்பவற்றையும் ஆராய்தல் வேண்டும். ஆறு நாள் பிறருக்காக உழைத்த உடல் ஏழாம் நாள் தன் தாளத்துக்கு அசைவதை வீண்பொழுது எனக் கருதுவோர், அப்பொழுதைப் பெறுவதற்கு அம்மக்கள் கொடுத்த விலையையும் கணக்கிற் கொள்வாராக.