விறகு வாங்குகிறீர்களா? தண்ணீருக்குக் காசு கொடுக்காதீர்கள்!

அடுப்பில் விறகு எரியவில்லை. புகைதான் வருகிறது. ஊதி ஊதிக் கண் சிவந்து விடுகிறது. குற்றம் பெரும்பாலும் அடுப்பில் இல்லை, விறகில் இருக்கிறது!

கேஸ் அடுப்பு பல வீடுகளுக்கு வந்து விட்டது. ஆனாலும் கிராமங்களிலும், கல்யாணச் சமையலிலும் விறகு இன்னும் எரிகிறது.

பாதி தண்ணீர்

அப்போதுதான் வெட்டிய மரத்தில், பெரும்பாலும் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். 100 கிலோ பச்சை விறகு வாங்கினால், சுமார் 50 கிலோ தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள்.

நஷ்டம் அதோடு நிற்பதில்லை. உலை கொதிக்க வேண்டிய சூடு, விறகின் ஈரத்தைப் போக்குவதிலேயே செலவாகிறது. 1 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க ஆகும் சூட்டைப் போல் 7 மடங்குக்கு மேல், அதை முழுவதும் ஆவியாக்க வேண்டும்!

ஈர விறகு அரைகுறையாக எரியும். அதன் புகை கண்ணுக்கும் நுரையீரலுக்கும் கெடுதல். அடுப்படியில் இருக்கும் தாய்க்கும், அவள் அருகில் விளையாடும் குழந்தைக்கும்தான் அது முதலில் சேருகிறது.

எந்த முறை நல்லது?

உருட்டுக் கட்டையாகத் தரையில் போடுவது: பட்டை ஈரத்தை எளிதில் விடாது. மண் ஈரமும் ஏறும். கரையானும் வரும்.

பிளந்து வெயிலில் பரப்புவது: சீக்கிரம் காயும். ஆனால் நிறைய இடம் வேண்டும். திடீர் மழையில் எல்லாம் நனைந்து விடும்.

அடுப்புக்கு மேல் பரணில் வைப்பது: சுள்ளி நன்றாகக் காயும். ஆனால் ஒரு பொறி போதும், வீடே பற்றிக் கொள்ளும். கூரை வீட்டில் வேண்டவே வேண்டாம்.

பிளந்து அட்டி போடுவது: இதுதான் சிறந்தது. கட்டையைச் சிறிய துண்டாக நறுக்கிப் பிளக்க வேண்டும். கீழே செங்கல் வைத்து, இடைவெளி விட்டு, குறுக்கும் நெடுக்குமாக அடுக்க வேண்டும். மேலே மட்டும் தகரம் போதும். நாலு பக்கமும் மூடினால் உள்ளே வியர்த்து விடும். வெயிலோடு காற்றும் வேண்டும்!

தை, மாசியில் அடுக்கினால், ஐப்பசி மழைக்கு முன் கோடை வெயிலும் ஆடிக் காற்றும் கிடைக்கும்.

காய்ந்து விட்டதா?

ஒரு கட்டையில் அடையாளம் போட்டு, வாரம் ஒரு முறை நிறுத்துப் பாருங்கள். எடை குறைந்தால் ஈரம் போய்க் கொண்டிருக்கிறது. குறைவது நின்றால் காய்ந்து விட்டது.

கடையில் வாங்கும்போது இரண்டு கட்டைகளைத் தட்டிப் பாருங்கள். "டங்" என்றால் காய்ந்தது. "தொம்" என்றால் ஈரம். முனையில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். அதன் பிறகு தராசில் ஏற்றச் சொல்லுங்கள்!