அம்மன் கதையை மாத்தி எழுதலாமா? பாலவனத்தம் ஜமீன்தார் விட்டுச்சென்ற பதில்!

கண்ணகி, ரேணுகா, பாஞ்சாலி... தெய்வமான பெண்களின் கதையை யாராவது புதுசா எழுதினாலே, ‘ஒரிஜினல் கதை அப்படி இல்லையே’ என்ற சண்டை கிளம்பிவிடுகிறது. சரி, ஒரிஜினல் எங்கே இருக்கிறது? இதைத் தேடிப் போனால் அருப்புக்கோட்டை பக்கத்தில் இருக்கும் பாலவனத்தத்தில் போய் நிற்க வேண்டியிருக்கும்.

யார் இந்த பாண்டித்துரைத் தேவர்?

பாலவனத்தம் ஜமீன்தார். 1901-ல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தைத் தொடங்கியவர். வ.உ.சி.யின் சுதேசி கப்பல் கம்பெனிக்குத் தலைவராக இருந்தவரும் இவரே.

அந்தக் காலத்தில் சென்னையில் ஆ.சிங்காரவேலு முதலியார் என்ற தமிழாசிரியர், புராணங்களிலும் இலக்கியங்களிலும் வரும் பெயர்களையெல்லாம் தேடித் தேடி அகரவரிசையில் தொகுத்து வைத்திருந்தார். அச்சுப்போட ஆள் கிடைக்கவில்லை. கைகொடுத்தவர் பாண்டித்துரைத் தேவர். மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் மூலம் 1910-ல் வெளிவந்த அந்தப் புத்தகம்தான் ‘அபிதான சிந்தாமணி’. முதலியார் மறைந்த பிறகு 1934-ல் விரிவான இரண்டாம் பதிப்பு வந்தது. புராணக் கதையைக் கையிலெடுக்கும் தமிழ் எழுத்தாளர்கள் இன்றும் புரட்டுகிற புத்தகம் இது.

திருத்தினதுக்கு மட்டும் கோபம் ஏன்?

இதே தேவரைப் பற்றி இன்னொரு கதையும் சொல்வார்கள். ஸ்காட் என்ற வெள்ளைக்காரர் திருக்குறளில் எதுகை, மோனை சரியில்லை என்று ‘திருத்தி’ அச்சுப்போட்டாராம். தேவர் அந்தப் பிரதிகளை மொத்தமாக விலைகொடுத்து வாங்கி அழித்துவிட்டாராம்.

கதைக் களஞ்சியத்துக்கு உதவியவர், திருத்திய குறளை ஏன் அழித்தார்? இரண்டும் வேற வேற விஷயம். ஒருவர் எழுதிய பாட்டில் கைவைத்து, ‘இதுதான் சரியான பாட்டு’ என்று விற்பது திருத்தல். பழைய கதை அப்படியே இருக்க, பக்கத்தில் தன் பெயரில் இன்னொன்றை எழுதுவது மறுபடி சொல்லல். இதில் படிப்பவரை ஏமாற்றும் வேலை இல்லை.

பாரதி 1912-ல் ‘பாஞ்சாலி சபதம்’ முதல் பாகத்தை வெளியிட்டபோது வியாச பாரதம் எங்கும் போய்விடவில்லை. ஆனால் அடிமைப்பட்ட நாட்டின் கோபம் பாஞ்சாலியின் வாயில் வந்தது. புதுமைப்பித்தனின் ‘சாபவிமோசன’த்தில், சீதையை நெருப்பில் இறங்கச் சொன்னதைக் கேட்ட அகலிகை மறுபடியும் கல்லாகிறாள். பிடிக்காதவர்களைப் பற்றிக் கவலையில்லை என்று முன்குறிப்பிலேயே போட்டுவிட்டார் மனுஷன்!

அப்போ எதுதான் ஒரிஜினல்?

கண்ணகியையே எடுத்துக்கொள்வோம். சிலப்பதிகாரத்தில் அவள் புகார் வணிகர் வீட்டுப் பெண். நாட்டுப்புறக் கோவலன் கதையிலோ அவள் காளியின் அவதாரம். பாண்டியனுக்கே மகளாகப் பிறந்து, பெட்டியில் வைத்து ஆற்றில் விடப்பட்டவள். அதாவது, அவள் எரித்தது பெத்த அப்பனின் ஊரை! இலங்கையில் சிங்களர் வணங்கும் பத்தினி தெய்வமோ மாங்கனியிலிருந்து பிறந்தவள். மட்டக்களப்புத் தமிழர் கோயில்களில் ‘கண்ணகி வழக்குரை’ இன்றும் பாடப்படுகிறது. இதில் எதைப் பொய் என்று தள்ளுவது?

கரிசல் காட்டில் கதை கிடைக்குமா?

நிறையவே. திருச்சுழியில் பிரளய வெள்ளத்தைச் சிவன் சூலத்தால் குத்தி, நிலத்துக்குள் சுழித்து இறங்கச் செய்தார் என்பது தலபுராணம். மழைக்கு ஏங்கும் மண்ணில் வெள்ளக் கதை! சுருக்கமாகச் சொல்லும்போது சிவனும் சூலமும்தான் வருகிறார்கள். அந்த நேரத்தில் துணைமாலை அம்மன் எங்கே நின்றாள், என்ன பார்த்தாள் என்று கேட்டாலே ஒரு சிறுகதை தொடங்கிவிடும். சொல்லாமல் விட்ட இடத்தில் நுழைவது, எழுதுபவர்களுக்குப் பழகிய வழி.

சாத்தூர் பக்கம் இருக்கன்குடிக்குப் போனால் கதை இன்னும் தரையோடு இருக்கும். சாணி பொறுக்க வந்த பெண் கீழே வைத்த கூடையைத் திரும்பத் தூக்க முடியவில்லை. அந்த இடத்தில்தான் மாரியம்மன் இருந்தாள் என்கிறார்கள். ராஜாவும் ரிஷியும் இல்லாமல், கூலிக்காரப் பெண்ணிடம் பேசிய தெய்வம். அந்தப் பெண்ணின் அன்றைய மிச்சப் பொழுது எப்படிப் போயிருக்கும்? வீட்டில் போய் என்ன சொல்லியிருப்பாள்?

இந்த மாதிரி ஊர்க்கதைகள் பெரும்பாலும் வாய்மொழியாகவே இருக்கின்றன. ஆடி கடைசி வெள்ளிக்கு நடந்தே வரும் கூட்டத்தில் வயசான அம்மாக்கள் இருப்பார்கள். கேட்டால் சொல்வார்கள். இரண்டு பேரிடம் கேட்டால் இரண்டு விதமாக!